மல்லசந்திரம் பாறை மேலே

பலகைக் கல்லில் இருந்த வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே நிழலில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

"குள்ளருங்க இருந்த வூடு கண்ணு அது" என்றார் ஆடு மேய்க்கும் பாட்டி.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம். பாறைமேல் எங்கு திரும்பினாலும் கல்திட்டைகள். பெருங்கற்காலத்தவர் இறந்தவர்களுக்காக எழுப்பியவை.

சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், அவ்வளவுதான். துளையின் விளிம்பைத் தடவினேன். சொரசொரப்பு தேய்ந்து, விரலுக்கு வழுவழுவென்று இருந்தது. இவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள், செத்துப்போன ஒருவருக்காக!

இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022-இல் அரசு அறிவித்தபோது வந்த அதே சிலிர்ப்பு.

எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. மனசு இங்கேதான் நிற்கிறது. டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது, நின்று நிதானமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

நம்ம கிருஷ்ணகிரிக்கு வருபவர்கள் டேமைப் பார்த்துவிட்டு, மாம்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அரை நாள் ஒதுக்குங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீர் பாட்டில் முக்கியம். அப்புறம், தயவுசெய்து கல்லில் பெயர் மட்டும் எழுதாதீர்கள்.