பாலாறு போய்ச் சேரும் கரை

கடல் பார்க்க வேண்டுமென்றால் மெரினா, இல்லாவிட்டால் மாமல்லபுரம். காட்பாடியில் எங்கள் வீட்டு வழக்கம் அவ்வளவுதான். போன மாதம் அம்மாவோடு காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போனேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய ஊர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. அதன் முதுகுப்பக்கமே கடல்.

காலை ஏழு மணிக்குக் கரையில் எங்களைத் தவிர இரண்டு மீனவர்கள் மட்டும். வலையில் சிக்கிய நண்டின் கொடுக்கு உடையாமல் ஒவ்வொரு நூலாக விலக்கி எடுத்தார் ஒருவர். அம்மா மணலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெரினாவில் அவள் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே வயலூர். பாலாறு கடலில் கலக்கும் இடம். வேலூர்ப் பாலத்தடியில் வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடக்கிறதே, அதே பாலாறு! 2021 நவம்பரில் அது இரு கரையும் புரண்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்தோம். அந்த வெள்ளமெல்லாம் இங்கேதான் வந்திருக்கிறது. முகத்துவார மணலை அள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு ஆறுடா" என்றாள் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது.

போகிறவர்கள் குளிக்க இறங்காதீர்கள், அலையின் இழுப்பு அதிகம். கடை எதுவும் கண்ணில் படவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.