லோலெக் நின்ற சமையலறை ஜன்னல்

அந்தச் சமையலறை ஜன்னலை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. வழிகாட்டியும் கூட வந்தவர்களும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். வெளியே, சந்துக்கு அந்தப் பக்கம், கோயில் சுவர். அதில் ஒரு சூரியக் கடிகாரம். 'காலம் ஓடுகிறது, நித்தியம் காத்திருக்கிறது' என்று போலிஷ் மொழியில் எழுதியிருக்கிறது. தாயில்லாமல் வளர்ந்த ஒரு சிறுவன் இந்த ஜன்னலில் நின்று அன்றாடம் பார்த்த எழுத்து அது.

போலந்தின் கிராக்கோ நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வந்தால் வாடோவிட்சே என்ற இந்தச் சிற்றூர். திருத்தந்தையாக (போப்பாக) இருந்த புனித இரண்டாம் யோவான் பவுல் 1920 மே 18 அன்று இங்கேதான் பிறந்தார். கரோல் வொய்த்திவா என்பது இயற்பெயர், வீட்டில் 'லோலெக்'. கீழே யூத வணிகர் ஒருவரின் கடை, மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு. இப்போது அருங்காட்சியகம். அவருடைய திருத்தந்தைக் காலத்தைச் சொல்லும் பகுதிகளும் உண்டு. அவற்றை வேகமாகக் கடந்துவிட்டேன். நான் தேடி வந்தது அந்தப் பையனை.

1929 ஏப்ரலில் தாய் எமிலியா இறந்தபோது அவனுக்கு வயது எட்டு. மூன்று ஆண்டுகள் கழித்து, மருத்துவராக இருந்த அண்ணன் எட்முண்ட், நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் 26 வயதில் போய்விட்டார். அக்காள் ஓல்காவோ இவன் பிறப்பதற்கு முன்பே கண்மூடிய குழந்தை. மிஞ்சியது அப்பாவும் பிள்ளையும். அப்பா ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. தையல் தெரிந்தவர், தமது பழைய சீருடையை வெட்டி மகனுக்கு உடுப்பு தைத்தாராம். நடுஇரவில் கண்விழித்தால் அப்பா முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார் என்றும், அந்த வீடே தமக்கு முதல் குருமடம், குருவாகப் பயிற்சி பெற்ற முதல் இடம் என்றும் பின்னாளில் திருத்தந்தையே எழுதினார். வெறும் மரத்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

சந்துக்கு அந்தப் பக்கம் மாதா கோயில், இப்போது பேராலயம். பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவனாக அவன் ஓடிவந்த தூரம் சில எட்டுகள்தான். 1920 ஜூன் 20 அன்று திருமுழுக்குப் பெற்ற தொட்டி இன்னும் இருக்கிறது. 1979 ஜூனில் திருத்தந்தையாகத் திரும்பி வந்தவர் அதனிடம் போய் முழந்தாளிட்டு முத்தமிட்டார். பக்கப் பீடத்தில் சதா சகாய மாதா படம். மாணவனாக அவன் பள்ளிக்குப் போகுமுன் வந்து நிற்பது இங்கேதான். தொட்டியின் விளிம்பில் கை வைத்தேன், கல் சில்லென்றிருந்தது.

மேட்டின் மேல் கார்மேல் சபைத் துறவிகளின் மடம். சிறுவயதில் அங்கே அணிந்த உத்தரியத்தை, மாதா பக்தியின் அடையாளமாகக் கழுத்தில் போடும் அந்தத் துணியை,க் கடைசிவரை அவர் கழற்றவில்லை.

அன்று பிற்பகல் கல்வாரியா செப்ஷிதோவ்ஸ்காவுக்குப் பேருந்து ஏறினேன். மரங்களுக்கிடையே குன்றுகள் நெடுகச் சிலுவைப்பாதைச் சிற்றாலயங்கள், நடுவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் கோயில். மனைவியை அடக்கம் செய்த கையோடு அந்த அப்பா தம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தது இந்த மாதாவிடம்தான். மகன் கரோல் பேராயரான பிறகும் மனத்தில் பாரம் இருந்தால் தனியாக வந்து இந்தக் காட்டுவழியில் நடப்பாராம். வளர்ந்த பிள்ளை தாய்வீட்டுக்கு வந்துபோவதைப் போலத்தான் எனக்குத் தோன்றியது.

என் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் கையில் தேய்ந்த ஜெபமாலை என் பையில் இருந்தது. சிலுவை ஆணி இளகி ஆடும், மணிகளில் கறுப்புச் சாயம் பாதி போயிருக்கும். மாதா படத்துக்கு முன் முழந்தாளிட்டு அதை எடுத்தேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி போலிஷ் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் தொடங்கினேன். 53 மணியும் சொல்லி முடிக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.