புள்ளி வைக்கும் விரல்

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் அடியில் 12 ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மேஷம் – வெற்றி, ரிஷபம் – செலவு என்று. அதை யாராவது உட்கார்ந்து அடித்தாக வேண்டும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 14 வருடமாக அந்த யாரோ நான்தான். 365 நாள், 12 ராசி, ஆக 4380 வார்த்தை. ராகு காலம், எமகண்டம் எல்லாம் அந்தந்தக் கிழமைக்கு இன்ன நேரம் என்று மாறாமல் இருப்பவை, பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பலனை மட்டும் ஜோசியர் கைப்பட எழுதி அனுப்புவார். அவர் கையெழுத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பாமினி ஃபான்ட்டில் அடிப்பவர்களுக்குத் தெரியும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற சாவி ஆங்கிலத்தின் அரைப்புள்ளி இருக்கும் இடம். வலது கை சுண்டுவிரல் ஓய்ந்து கிடக்கும் இடமும் அதுதான். அதற்கு மேல் வரிசையில் 'கி', 'தி' போன்றவற்றுக்கான மேல்விலங்கு, அதுவும் சுண்டுவிரல் கணக்கில்தான். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள், கஷ்டம் புரியும். 'லாபம்' என்றால் ஒரு தட்டு. 'ஊக்கம்' என்றால் இரண்டு. 'ஆரோக்கியம்' என்று அடிக்க அந்தச் சின்ன விரல் மூன்று முறை இறங்கி ஏற வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆனி மாதம். ஆடி 18-க்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் ஊரில் யாரும் நிமிர மாட்டார்கள். புரூஃப் பார்க்கும் தம்பி தாளோடு வந்து நின்றான். "அக்கா, புள்ளி நிறைய விட்டுப்போகுது." பார்த்தால் 'லாபம', 'ஊககம', 'நஷ்டம'. சத்தியமாக எல்லாவற்றுக்கும் சாவியைத் தட்டினேன். தட்டியது சாவியில் இறங்கியதா இல்லையா என்பதுதான் விரலுக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மதமதவென்று இருந்தன, ஈரத் துணியைச் சுற்றி வைத்த மாதிரி. ஒரு வாரத்தில் முழங்கையிலிருந்து ஒரு வலி கீழே இழுக்க ஆரம்பித்தது. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வரும், கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா வாய்வு என்றாள். பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், ஏதோ தைலம் தேய்த்தாள். தேய்த்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது.

டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். கைவலி என்று வந்தால் இதயத்தை முதலில் பார்ப்பவர் நல்ல டாக்டர். சரியாக இருந்தது. சர்க்கரை, தைராய்டு, பி12, எல்லாம் சரி. கழுத்துக்கு எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ., அதுவும் சரி. ஒரு ஏ4 தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி, அவர் மறுமுனையை இழுத்துப் பார்த்தார். தாளை நான் விடவில்லை. நாள் முழுக்கத் தாளோடு புழங்குகிறவளிடம் இந்தப் பரிட்சையா என்று சிரிப்பு வந்தது. சுண்டுவிரல் நரம்பு பலம் இழந்திருந்தால் கட்டைவிரல் நுனி மடங்கிவிடும் என்று விளக்கினார். மடங்கவில்லை.

கடைசியில் மதுரைக்குப் போய் நரம்புச் சோதனை. ஏ.சி. அறை. கையைத் தொட்ட டெக்னீஷியன் பொண்ணு, "கை ஜில்லுனு இருக்கே, கொஞ்சம் சூடு பண்ணிக்கலாம்" என்றது. குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறைந்து தப்பாகக் காட்டுமாம். தோலில் பட்டைகளை ஒட்டி, மணிக்கட்டிலும் முழங்கையிலும் சுளீர் சுளீரென்று கரண்ட் வைத்தார்கள். நான் சொல்லாமலே என் சுண்டுவிரல் துள்ளியது. அந்த ஆறு மாதத்தில் அது அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ரிப்போர்ட்: நார்மல்.

நார்மல் என்ற சொல்லைக் கேட்டு அழுதவள் நானாகத்தான் இருப்பேன். ஏதாவது கெட்டது இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். வலிக்குப் பெயர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெயர் இருந்தால் முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம். அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லன்னுதான போட்டிருக்கான், அப்புறம் என்னம்மா?" என்றார். அந்த 'அப்புறம் என்ன'வுக்கு என்னிடம் பதில் இல்லை. காகிதம் ஓட்டுகிற பையன்களுக்கு விரல் நசுங்கினால் எல்லோரும் ஓடுகிறார்கள். எனக்கு ரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. நான் இரண்டு நாள் லீவு கேட்டதற்குப் பக்கத்து சீட்டுக்காரி, "எனக்கும் கை வலிக்குதுன்னு சொல்லிப் பாக்கணும்" என்று சிரித்தாள். அதன் பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே வலிக்கிறதா, இல்லை வேலை பிடிக்காமல் நானே உண்டாக்கிக்கொள்கிறேனா? ராத்திரி மரத்துப்போய் விழிக்கும்போதுகூட, 'இது நிஜம்தானா' என்று விரலைக் கிள்ளிப் பார்த்திருக்கிறேன்.

திருப்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருந்தார்கள், வேண்டாவெறுப்பாகப் போனேன். அந்த மேடம் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. ஒரு மேஜையைக் காட்டி, "நீங்க வேலை பாக்கிற மாதிரி உக்காந்து காமிங்க" என்றார். உட்கார்ந்தேன். ஜோசியரின் தாள் இடப்பக்கம், திரை கொஞ்சம் வலப்பக்கம், வலது முழங்கை கண்ணாடி மேஜையின் விளிம்பில். சட்டென்று என் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. அத்தனை வருடத்துக் காய்ப்பு. அத்தனை ஸ்கேனில் அது எப்படித் தெரியும்? அந்த எலும்பின் பின்பக்கம் ஒரு விரலால் லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் நுனி வரை ஷாக் ஓடியது.

"எங்க இடிச்சா கரண்ட் அடிக்கும்னு சின்ன வயசுலேயே தெரியும்ல, அதே நரம்புதான். அங்க அது தோலுக்குப் பக்கத்துலயே போகுது." கையை மடக்கினால் அது இழுபடும், விளிம்பில் ஊன்றினால் நசுங்கும். நான் பகலில் ஊன்றுகிறேன், ராத்திரி கையை மடக்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு தூங்குகிறேன். நரம்புக்கு லீவே இல்லை.

சரி, சோதனை ஏன் நார்மல்? அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் சாயங்காலம் 6 மணிக்கு லைட் மங்கும். லைன்மேன் காலையில் 11 மணிக்கு வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளில் சேதி போகும் வேகத்தை அளக்கிறது. அவ்வப்போது நசுங்கி மீள்கிற ஆரம்பகட்டத்தில் அந்த வேகம் கெடாமலே இருக்கலாம். மெல்லிய இழைகளின் வலி அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. கூடவே கண்டிப்பாக ஒன்றும் சொன்னார். பிடி தளர்ந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே சதை குழி விழுந்தாலோ, நடை தள்ளாடினாலோ 'ஏற்கெனவே நார்மல்' என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே திரும்பிப் போக வேண்டும்.

அதன் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். மேஜை விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். திரையை நேராக வைத்தேன். ராத்திரி முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுத்தேன், கை மடங்காது. முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். போனை வலது காதில் வைப்பதை விட்டேன். நரம்பை மெதுவாக நீட்டி விடுகிற பயிற்சி ஒன்று, தினம் மூன்று வேளை. எது வேலை செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முழுதாகவும் போகவில்லை, சீசனில் எட்டிப் பார்க்கும்.

இதற்கிடையில் இத்தாலிய மருத்துவர் ரமசினியைப் பற்றிப் படித்தேன். தொழில் நோய்களை ஆராய்ந்தவர். 1713-லேயே கணக்கு எழுதுகிறவர்களின் கைவலிக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் அசைந்துகொண்டே இருப்பது, தப்பு வந்து முதலாளிக்கு நஷ்டமாகிவிடுமோ என்ற மனப் பதற்றம். அந்த மூன்றாவதைப் படித்தபோது அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. ராகு காலத்தில் ஒரு எண் பிசகினால் ஊரெல்லாம் சுவரில் தொங்குமே.

போன வருடம் அச்சகத்தில் இன்டிசைன் என்ற பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்கும், பாமினியை விட்டு யூனிகோடு எழுத்துக்கும் மாறினார்கள். நானும் தமிழ்99 பழகினேன். 1999 முதல் இருக்கிற விசைப்பலகை, நான்தான் சீண்டவில்லை. அதில் புள்ளி இடது கை ஆள்காட்டி விரலில் இருக்கிறது. 'க'வை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ச, ந, ய மூன்றும் சுண்டுவிரலுக்குத்தான் என்றாலும் புள்ளிச் சுமை போனது போனதுதான்.

ஆனால் விரல் மறக்க வேண்டுமே. பழைய புள்ளிச் சாவி இருந்த இடத்தில் இப்போது 'ந' இருக்கிறது. அவசரத்தில் சுண்டுவிரல் தன்பாட்டுக்கு அங்கே போய் ஒரு தட்டுத் தட்டிவிடும். இந்த ஆனியில் புரூஃப் தம்பி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். துலாம் – லாபமந.

"இது என்ன பலன்க்கா?" என்றான்.