கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருப்பவருக்கு வேலை பார்க்கும் உரிமை தானாக வருவதில்லை. வாழ்க்கைத் துணையின் நிரந்தர வசிப்புரிமைக்காக (கிரீன் கார்டு) நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதியின்படி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை என் கைக்கு வந்தபோது படிப்பு பழையதாகிப் போயிருந்தது. மென்பொருள் நிறுவனங்களின் நேர்காணல்களில் என் திறமையை விட்டுவிட்டு, நான் வீட்டில் இருந்த ஆண்டுகளைப் பற்றியே கேட்டார்கள். அலுத்துப்போன ஒரு வாரத்தில், பக்கத்துத் தொடக்கப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு உதவியாளர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தேன். இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்புக்கான சான்று வேண்டும், அல்லது வகுப்பு உதவியாளர்களுக்கான பாராப்ரோ தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கும் அலைச்சலுக்குத் தேர்வு எவ்வளவோ மேல்.

"முதுகலை படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிடப் போகிறாயா?" என்று அத்தை தொலைபேசியில் கேட்டார். ஷூவை மாட்டிவிடாமல் இருப்பதற்குத்தான் அங்கே சம்பளம் தருகிறார்கள் என்று அவருக்கு அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாதே.

எங்கள் வகுப்பில் மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை படிக்கும் வயதுள்ள பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மரபணுக் கோளாறுகள் என்று காரணங்கள் பல. ஓர் ஆசிரியை, சில உதவியாளர்கள். பேச்சுப் பயிற்சியாளரும், அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் குறித்த நேரங்களில் வந்து போவார்கள். பிள்ளைகளின் பெயரையோ அடையாளத்தையோ நாங்கள் வெளியே சொல்லக் கூடாது. மாணவர் பதிவுகளின் தனியுரிமைக்கு 1974 முதல் இங்கே தனிச் சட்டமே இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போகும் சிறுவனும் சிறுமியும் பலரைக் கலந்து செய்தவர்கள்.

காலையில் மஞ்சள் பஸ் வந்ததும் நாள் தொடங்குகிறது. பையை மாட்டுவது, ஃபோல்டரை எடுத்து வைப்பது, நாற்காலியில் உட்காருவது ஆகிய மூன்றும் ஒரு பாடமாகவே நடத்தப்படுகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு பட்டை. அதில் அன்றைய வேலைகள் படங்களாக மேலிருந்து கீழே வெல்க்ரோவில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளை அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' என்ற உறையில் போட வேண்டும். அடுத்து என்ன என்று தெரியாத கலக்கம்தான் பல பிள்ளைகளின் அழுகைக்குக் காரணம் என்பதால் இந்த ஏற்பாடு. படத்தைப் பிய்க்கும் அந்தச் சர்ரென்ற ஒலிக்காகவே வேலையை முடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அலுவலகங்களில் பெரியவர்களும் பட்டியலில் கோடு போட்டு மகிழ்கிறவர்கள்தானே.

பிறகு வட்டமாக உட்கார்ந்து வணக்கம் சொல்லும் நேரம். பேச்சு வராத பிள்ளையின் முன்னால் குரல் பதிவு செய்த ஒரு பெரிய பொத்தான் இருக்கும். அவன் முறை வரும்போது அழுத்தினால் 'குட் மார்னிங்' என்று ஒரு சிறுவனின் குரல் ஒலிக்கும். மற்றொரு வகுப்பில் படிக்கும் அதே வயதுப் பையனைக் கொண்டு அந்தக் குரலைப் பதிவு செய்திருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து நடுத்தர வயதுப் பெண்ணின் குரல் வரக் கூடாது என்று யோசித்த அந்த மனம் யாருடையதோ, அவருக்கு என் வணக்கம்.

இங்கேதான் என் கையைக் கட்டிப்போடும் பயிற்சி ஆரம்பமாயிற்று. 'உன் முறை' என்று சொன்னதும் பிள்ளை பொத்தானை அழுத்த மாட்டான். சுவரைப் பார்ப்பான். விரலை ஆட்டுவான். என் கை தானாக அவன் கையைப் பிடிக்கப் போகும். ஆசிரியை கண்ணாலேயே வேண்டாம் என்பார். சில பிள்ளைகளுக்குக் கேட்ட சொல் உள்ளே சென்று செயலாக மாறப் பல விநாடிகள் ஆகும். இடையில் நாம் இன்னொரு முறை சொன்னால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான் மனத்துக்குள் தமிழில் பத்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் ஏழு எட்டுக்குள் கை நகரும்.

இந்த எண்ணிக்கைக்கு எனக்கு வேறொரு பயனும் இருந்தது. இந்த நாட்டில் என் ஆங்கிலத்தைக் கேட்டு இரண்டாம் முறை சொல்லச் சொன்னவர்கள் எல்லோரும் பெரியவர்கள்: கடைக்காரர், வங்கி ஊழியர், ஆசிரியர் அறையில் காபி குடிப்பவர். வகுப்பிலோ எல்லோரும் பேசுவது இரண்டு மூன்று சொல் வாக்கியங்கள். 'முதலில் எண், பிறகு ஊஞ்சல்.' இதில் உச்சரிப்புக்கு எங்கே இடம்? நீளமாகப் பேசுபவர்தான் அங்கே மோசமான ஊழியர். இந்த நாட்டில் நான் வாயைத் திறக்கத் தயங்காத முதல் இடம் அதுதான்.

அடுத்து தனி வேலை நேரம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்லர் 1972இல் தொடங்கிய 'டீச்' என்ற திட்டத்திலிருந்து வந்த முறை இது. மேசையின் இடப்பக்கம் சில தட்டுகள், வலப்பக்கம் முடித்தவற்றைப் போட ஒரு கூடை. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்தபின் என்ன ஆகிய நான்கு கேள்விகளுக்கும் யாரும் வாய் திறக்காமலே அந்த மேசை பதில் சொல்லிவிடும். ஒரு தட்டில் திருகாணிகளையும் மரைகளையும் இணைக்க வேண்டும். ஒன்றில் நிறம் பிரிக்க வேண்டும். ஒன்றில் எழுத்துக்கு எழுத்து பொருத்த வேண்டும். முதன்முதலில் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் திருகாணிக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. இடமிருந்து வலம் போவது வாசிப்புக்கும், இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு காரியங்களைச் செய்வது பின்னாளில் கத்தரிக்கோல் பிடிப்பதற்கும், தொடங்கியதை முடித்துவிட்டு எழுவது எல்லாவற்றுக்கும் தேவை என்பது மெல்லப் புரிந்தது.

எழுத்துக்கு வருவோம். பென்சிலைத் தருவதற்கு முன்னால் மரத் துண்டுகள்: பெரிய கோடு, சின்னக் கோடு, பெரிய வளைவு, சின்ன வளைவு. இந்த நான்கைக் கொண்டு ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் அனைத்தையும் அடுக்கிவிடலாம். கிரேயான்களை வேண்டுமென்றே ஒடித்துக் கொடுப்போம். முழு நீளக் கிரேயானைப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். கட்டைவிரல் அளவுத் துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். எண்களுக்கும் ஓர் உத்தி இருக்கிறது. 1 முதல் 5 வரை ஒவ்வோர் எண்ணின்மீதும் அதன் மதிப்புக்கேற்ற புள்ளிகள். 6 முதல் வட்டமிட்ட புள்ளிகளும் சேரும், அவற்றை இரண்டு முறை தொட வேண்டும். தொட்டுத் தொட்டு எண்ணியே கூட்டிவிடலாம். கணிதம் படித்தவள் என்பதால் இதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. எட்டு என்றால் என்ன என்று அறியாமலே எட்டைத் தொட்டு எண்ணும் பிள்ளை உருவாகிவிடுகிறது. எட்டு கட்டைகளை அதன் பக்கத்தில் அடுக்கிக் காட்டிய பிறகே புள்ளிக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆசிரியையும் ஒப்புக்கொண்டார், ஆனால் நேரம்தான் இல்லை.

வகுப்பின் மிகக் கடினமான பாடம் எது என்று கேட்டால் நொறுக்குத்தீனி நேரம் என்பேன். பேசாத பிள்ளைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கக் கற்றுத் தருவது அங்கேதான். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில், தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள். ஒருவர் எதிரே பிஸ்கட்டுடன் உட்காருவார். இன்னொருவர் பிள்ளையின் பின்னால். பிள்ளை பிஸ்கட்டுக்காகக் கை நீட்டும் அந்தக் கணத்தில் பின்னால் இருப்பவர் அதன் கையைப் படத்தின்மீது கொண்டுபோய், எடுக்க வைத்து, எதிரே இருப்பவரிடம் கொடுக்க வைக்க வேண்டும். 'என்ன வேண்டும்?' என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் கேள்வி வரும்வரை காத்திருக்கப் பிள்ளை பழகிவிடும். பின்னால் இருப்பவர் பேசவே கூடாது. நான் எப்போதும் பின்னால்தான். முதலில் முழுக் கையையும் பிடித்தேன், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல். கடைசியில் அங்கே நான் இருப்பதற்கே காரணம் இல்லாமல் போக வேண்டும். போயிற்று. அந்தச் சிறுமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படத்தைக் கொடுத்து பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, "உன்னைக் கண்டுகொள்ளாததற்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார்.

ஷூ கதைக்கு வருகிறேன். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன முறை தலைகீழானது. ஷூ மாட்டுவதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை முதலில் கற்றுத் தர வேண்டும். காலை நுழைப்பது, குதியை இழுப்பது, பட்டையைக் கோப்பது எல்லாம் நான் செய்வேன். பட்டையை அழுத்தி ஒட்டுவது மட்டும் அந்தச் சிறுவனின் பொறுப்பு. அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடுவேன். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் திணறி, முடிக்கும் பெருமை எனக்கு வந்துவிடும்.

எங்கள் பள்ளியில் தமிழ்ப் பெற்றோரும் இருக்கிறார்கள். வாகன நிறுத்தத்தில் என்னைப் பிடித்து, "அக்கா, இன்றைக்கு உள்ளே என்ன செய்தான்?" என்று கேட்பார் ஒரு தாய். நான் சிரித்துவிட்டு, ஆசிரியையிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். உதவியாளருக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை. ஊர்க்காரி இப்படி முகம் திருப்புகிறாளே என்று அவர் வருந்தியிருப்பார். பொதுவான விஷயங்களைப் பேசத் தடை இல்லை என்பதால் அவற்றைச் சொல்லியிருக்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு இலவசப் பொதுக் கல்வி என்ற உரிமை 1975 சட்டத்தில் வந்தது. அதற்கு முன் பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்கு வெளியே முழுதாக நிறுத்தப்பட்டிருந்ததாக அந்தச் சட்டமே பதிவு செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி எனப்படும் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைப் பரிசீலிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெற்றோர் விருந்தினர் அல்லர், குழுவின் உறுப்பினர். பேசுவது புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆனால் நம்மவர்களில் பலர் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். ஆசிரியரை எதிர்த்துப் பேசக் கூடாது என்ற மரியாதை. வரைவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள், வீட்டில் நிதானமாகப் படியுங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்வேன். இன்னொன்று: வீட்டில் தமிழை நிறுத்தினால் பேச்சு சீக்கிரம் வரும் என்று யாரோ சொன்னார்களாம். அப்படி நிறுத்துவதால் நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. தாத்தா பாட்டியோடு பேச முடியாத வீட்டில் பிள்ளை இன்னும் தனியாகத்தான் போகும்.

குறைகளும் உண்டு. மணிக்கணக்கில் ஊதியம், கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. எங்களில் ஒருவர் விடுப்பெடுத்தால் மாற்று ஆள் வருவது அரிது. தீயணைப்பு ஒத்திகை மணி அடிக்கும் நாள்களில், முன்பே படம் காட்டிப் பழக்கி, காதுகளில் ஒலி தடுப்பான் மாட்டியிருந்தாலும், மதியம் வரை வகுப்பு நிலைக்கு வராது. கீறலும் கடியும் வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அந்த நேரத்தில் பிள்ளை படும் பாட்டை விட என்னுடையது சிறியது.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்துவது குறிப்புத் தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு குறி: தானாகச் செய்தால் கூட்டல், செய்யாவிட்டால் கழித்தல், உதவியோடு என்றால் எந்த வகை உதவி என்று ஓர் எழுத்து. 'ஐந்து வாய்ப்புகளில் நான்கில்' என்பதுபோல் இலக்குகள் எழுதப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கு இல்லாமல் திட்டம் நகராது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பேனா, கழுத்தில் படக்கொத்து.

பேசும் கருவியாகப் பயன்படும் டேப்லெட்டில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். முதலில் அந்த இயந்திரம் என் பெயரைக் கடித்துத் துப்பியது. பேச்சுப் பயிற்சியாளர் என்னை மெதுவாகச் சொல்லச் சொல்லி, எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டு, ஓரளவு சரி செய்தார். இந்த நாட்டில் என் பெயரை அவ்வளவு சிரத்தையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. அந்த டேப்லெட்டின் உரிமையாளனுக்கு இந்த ஆண்டுத் திட்டத்தில் ஒரு புதிய இலக்கு: வேண்டாததைக் கடிக்காமல், தள்ளாமல் மறுக்க வேண்டும். சென்ற வாரம் ஷூவின் பட்டையை வளையத்துக்குள் கோக்க அவன் திணறியபோது என் விரல் கொஞ்சம் முன்னே போய்விட்டது. அவன் ஷூவை வைத்துவிட்டு டேப்லெட்டை இழுத்தான். என் பெயரை அழுத்தினான். பிறகு 'நிறுத்து' என்பதை அழுத்தினான். நான் கையை எடுத்துக்கொண்டு, தாளில் அந்த இலக்குக்கு நேரே ஒரு கூட்டல் குறி போட்டேன்.