ஹில்மன் இம்ப்புக்கு 80 ஆயிரம் ஃபீஸ் கட்டி ரோட்டுக்குக் கொண்டு வந்த அனுபவம்

இம்போர்ட்டட் பழைய கார் வாங்கணும்னு ஆசை இருக்கறவங்க மொதல்ல இத மட்டும் தெரிஞ்சுக்கங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கணும்ல, அந்த ஃபீஸ் இம்போர்ட்டட் காருக்கு 2022 ஏப்ரல்ல இருந்து 40 ஆயிரம், 2025 ஆகஸ்ட்ல வந்த உத்தரவுக்கு அப்பறம் 20 வருஷம் தாண்டினதுக்கு 80 ஆயிரம். அதே வயசுல ஒரு அம்பாசடர் வச்சிருந்தா 10 ஆயிரத்தோட முடிஞ்சுரும். வண்டி சின்னதா பெருசா, வெலை என்னன்னு யாரும் பாக்க மாட்டாங்க, வெளிநாட்டுல செஞ்சதா, அவ்ளோ தான். என் ஃபைல் 40 ஆயிரமா இருந்தப்ப உள்ள போச்சு, 80 ஆயிரம் ஆனப்பறம் தான் வெளிய வந்துச்சு. இடையில அது ஒருத்தர் மேசையில சும்மா கிடந்துச்சு. அந்த வயித்தெரிச்சல்ல தான் எழுதறேன்.

வண்டி 1966 ஹில்மன் இம்ப், பிரிட்டன்ல செஞ்ச சின்னக் கார். கேரளால பீர்மேடு பக்கம் ஒரு எஸ்டேட்ல டீ மேக்கரா இருந்த பெரியவர் வச்சிருந்தது, அவரு தவறினப்பறம் ஷெட்டுலயே நின்னுருச்சு. ஆர்சி புக்குல மொத ஓனர் மெட்ராஸ்ல இருந்த ஒரு தூதரக ஆளு, அடுத்து ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் (எஸ்டிசி)ங்கற அரசு நிறுவனம் மூலமா வித்த குறிப்பு, அப்பறம் எஸ்டேட் மேனேஜர், அப்பறம் பெரியவர். அந்தக் காலத்துல தூதரகத்துக்காரங்க கொண்டு வந்த வண்டியெல்லாம் எஸ்டிசி வழியாத் தான் வெளிய வரும். கம்பத்துலயும் கூடலூர்லயும் பழைய ஜீப்பு எத்தனையோ பாத்திருக்கேன், இம்ப் நேர்ல பாத்தது இது தான் மொத தடவ. இன்ஜின் பின்னாடி, ஸ்பேர் வீலும் பெட்ரோல் டேங்கும் முன்னாடி, பின் கண்ணாடி மட்டும் தனியாத் தூக்கிச் சாமான் வைக்கலாம், அவ்ளோ அழகான வண்டி.

அழகு வேற, தரம் வேற. இத நான் வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது தான். இத செஞ்ச ரூட்ஸ் கம்பெனி, மினி காருக்குப் போட்டியா இத அவசர அவசரமா இறக்குனாங்க. கிளாஸ்கோ பக்கம் கப்பல் கட்டற வேலை குறைஞ்சு ஆளுங்க சும்மா இருக்காங்க, அங்க ஃபேக்டரி போடுங்கன்னு அரசாங்கம் சொன்னதால லின்வுட்டுல புதுசா ஃபேக்டரி போட்டு 1963ல தொறந்தாங்க. கார் கட்டிப் பழக்கம் இல்லாத தொழிலாளிங்க, ஸ்ட்ரைக்கு மேல ஸ்ட்ரைக்கு, போதாக்குறைக்கு இன்ஜின் காஸ்டிங்க லின்வுட்டுல ஊத்தி, இங்கிலாந்துல ரைட்டனுக்கு அனுப்பி, அங்க வேலை முடிச்சு திரும்ப லின்வுட்டுக்குக் கொண்டு வந்து மாட்டுவாங்களாம். முழு அலுமினிய இன்ஜின், 875 சிசி, ஓவர்ஹெட் கேம், பேப்பர்ல பாத்தா அந்தக் காலத்துக்கு அற்புதம், ஆனா வாட்டர் பம்ப் ஒழுகும், சூடாகும், ஹெட் வளைஞ்சுரும். ஆரம்பத்துல வந்ததுல ஆக்ஸிலரேட்டருக்கு கேபிள் கிடையாது, காத்துக் குழாய் தான், அதுவும் மக்கர் பண்ணும். 1965ல தான் கேபிளுக்கு மாத்துனாங்க. அதனால யாராவது வாங்கறதா இருந்தா 65க்கு முந்தினத தொடாதீங்க.

வெலை பேசறது, வண்டியப் பாக்கறது எல்லாம் சுலபமா முடிஞ்சுருச்சு. பெரியவரோட பேரன் தங்கமான தம்பி. ஆனா ஆர்சி தாத்தா பேருல இருக்கு, அப்போ மொதல்ல வாரிசுக்கு மாத்தணும், அதுக்கு 31ஆம் நம்பர் ஃபார்ம், வாரிசு சான்றிதழ், கோயம்புத்தூர்ல இருக்கற அத்தை உட்பட எல்லாரும் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும். வாரிசு சான்றிதழுக்கே விளம்பரம் போட்டு ஆட்சேபணை வருதான்னு பாத்துட்டுத் தான் குடுத்தாங்க. பெரியவர் ஜி ஃபார்ம் போட்டு வச்சிருந்தாரு, வண்டிய ஓட்டல, நிறுத்தி வச்சிருக்கேன்னு எழுதிக் குடுக்கறது அது, அதனால வரி பாக்கி எதுவும் வரல. கேரளா வண்டி வாங்கறவங்க இத கேட்டு வாங்கிப் பாருங்க, ஜி ஃபார்ம் போடாம வருஷக் கணக்கா நின்ன வண்டின்னா வரி பாக்கியே வண்டி வெலைக்கு மேல போயிரும்.

அடுத்தது எந்த ஆர்டிஓ ஆபீஸ்ங்கற பிரச்சனை. இடுக்கி மாவட்டம் 1972ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பீர்மேடு கோட்டயம் மாவட்டம். வண்டி பதிவானது அந்தக் காலத்துல, பழைய மூணெழுத்து நம்பர். மலை மேல இருக்கற ஆபீஸ்ல போய்க் கேட்டா இது எங்க ரெக்கார்டுல இல்ல, பழைய ஆபீஸ்ல போய்ப் பாருங்கறாங்க, பழைய ஆபீஸ்ல போனா ரிஜிஸ்டர் எல்லாம் அப்பவே அங்கிட்டு அனுப்பியாச்சுங்கறாங்க. பஸ்ல மலை ஏறி எறங்கி மறுபடி ஏறி, மழைக்காலம் வேற. கடைசில ரெண்டாவது ஆபீஸ்ல ஒரு வயசான பியூன் தான் உள்ள ரூமுக்குப் போயி ரிஜிஸ்டரத் தேடி எடுத்துக் குடுத்தாரு, சேட்டா இதுதானே உங்க நம்பர்னு தமிழ்லயே கேட்டாரு. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். அந்தப் பக்கத்துக்கு சான்றொப்பம் வாங்கிட்டு வந்து குடுத்தப்பறம் தான் கம்ப்யூட்டர்ல பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவ ஏத்தறது, போட ஒத்துக்கிட்டாங்க. கையெழுத்து ஆர்சி புக்கு வச்சிருக்கற எல்லாருக்கும் சொல்றேன், வாகன்ங்கற அரசு போர்ட்டல்ல நம்பர் வரலைன்னா பேக்லாக் என்ட்ரி ஆகாம ஒரு வேலையும் நடக்காது, புதுப்பிக்கவும் முடியாது, வேற மாநிலத்துக்கு மாத்தறதுக்கான என்ஓசியும் வராது. என்ட்ரி ஆன பிரிண்ட்டப் பாக்காம முழுப் பணத்தையும் யாருக்கும் குடுக்காதீங்க, அட்வான்ஸோட நிறுத்துங்க.

இந்த என்ட்ரி போடற கிளார்க்கு தான் என்னைய வாட்டுனது. வண்டி இம்போர்ட்டட், அப்போ கஸ்டம்ஸ் பேப்பர் எங்கன்னு கேட்டாரு. 1966ல வந்த வண்டிக்கு கஸ்டம்ஸ் பேப்பருக்கு நான் எங்க போவேன்? ஆர்சி புக்குலயே எஸ்டிசி வித்த குறிப்பு இருக்கு, சீல் இருக்கு, அரசாங்கமே வித்துருக்குன்னு சொன்னா, அதெல்லாம் தெரியாது, நாளெ நோக்காம், நாளைக்குப் பாக்கலாம்னாரு. மறுநாள் போனா அவரு லீவு. அடுத்து போனா மீட்டிங். ஃபைல் மட்டும் அதே எடத்துல, மேல இன்னும் நாலு ஃபைல் ஏறிருச்சு. புரோக்கர் ஒருத்தன் வெளிய நின்னுக்கிட்டு அண்ணே ஒரு தொகை குடுங்க நான் முடிச்சுத் தரேன்னான், முடியாதுன்னுட்டேன்.

ஊருக்கு வந்து மத்திய மோட்டார் வாகன விதிகள எடுத்து வச்சுப் படிச்சேன். விதி 47, அது ஒரு வண்டிய மொத தடவ பதிவு பண்றதுக்கு, அதுல தான் இம்போர்ட்டட் வண்டிக்கு கஸ்டம்ஸ் சான்று கேக்கறாங்க. விதி 52, அது புதுப்பிக்கறதுக்கு, 25ஆம் நம்பர் ஃபார்ம், அதுல கஸ்டம்ஸ் பேச்சே இல்ல. இவரு மொத பதிவுக்குக் கேக்கற பேப்பர அம்பது வருஷத்துக்கு மேல பதிவுல இருக்கற வண்டிக்குக் கேக்கறாரு. ரெண்டு விதியையும் பிரிண்ட் எடுத்து, எந்த விதிப்படி இந்தப் பேப்பர் வேணும்னு எழுத்துல பதில் குடுங்கன்னு ஒரு மனு எழுதி, பேரன் கையெழுத்துப் போட்டு, நேரா மேலதிகாரிகிட்ட குடுத்து ரசீதும் வாங்கிட்டோம். அந்த மேடம் உக்காந்து முழுசாப் படிச்சாங்க, கிளார்க்கக் கூப்பிட்டு மலையாளத்துல ரெண்டே வார்த்தை தான் பேசினாங்க, அன்னைக்கு சாயங்காலமே என்ட்ரி ஆயிருச்சு. இவ்ளோ சுலபமா முடியற வேலைய எதுக்குப்பா இழுத்தடிச்சீங்க?

என்ட்ரி ஆச்சேன்னு சந்தோஷமா ஃபீஸ் கட்ட உக்காந்தா ஸ்கிரீன்ல 80 ஆயிரம்னு வருது. அந்த இடைப்பட்ட நாள்ல தான் புது உத்தரவு வந்திருக்கு. லேட் ஃபீஸ் தனி. நான் குடுத்த மனு தேதி முந்தினது, பழைய ஃபீஸே வாங்குங்கன்னு கேட்டுப் பாத்தேன், கட்டற நாளைக்கு என்ன ஃபீஸோ அது தான், சிஸ்டம் ஒத்துக்காதுன்னுட்டாங்க. 40 ஆயிரம் ரூவா, ஒருத்தர் மேசையில ஃபைல் தூங்கினதுக்கு நான் குடுத்த வெலை. இப்ப நெனைச்சாலும் மனசு ஆறல.

வின்டேஜ்ல போட்டிருக்கலாமேன்னு நெறைய பேரு கேட்டாங்க. 2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிய வின்டேஜா பதிவு பண்ணலாம், ஃபீஸ் 20 ஆயிரம், 10 வருஷத்துக்கு செல்லும். ஆனா அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போட, இந்த மாதிரிக்குத் தான். துணி போத்தி வச்சு வருஷத்துக்கு ஒருக்கா காட்டறதுக்குன்னா அது தான் லாபம், தயங்காம போங்க. நான் வாங்கினது ஓட்டறதுக்கு. சின்னமனூருக்கும் சுருளிக்கும் குடும்பத்தோட போறதுக்கு. அதனால 80ஐயும் கட்டினேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வண்டிய ரெக்கவரி வண்டியில ஏத்தித் தான் கொண்டு போனோம், ஆர்சி உயிரோட இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்டாதீங்க. சேசிஸ் நம்பர் தகடு மேல கோட்டு கோட்டா பெயிண்ட், தின்னர் போட்டுப் பொறுமையாத் தொடைச்சு பென்சில் பிரிண்ட் எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, இத முன்கூட்டியே வீட்டுல பண்ணிருங்க. இன்ஸூரன்ஸ் ஆன்லைன்ல இந்த மாடலே வராது, அரசு இன்ஸூரன்ஸ் கம்பெனி பிராஞ்சுக்கு நேர்ல போனா தேர்ட் பார்ட்டி போட்டுத் தருவாங்க, 1000 சிசிக்குக் கீழங்கறதால 2,094 ரூவாயும் ஜிஎஸ்டியும் தான் ஆச்சு. என்ஓசி, அதுக்கப்பறம் இங்க வரி கட்டி டிஎன் நம்பர் வாங்கினது, எல்லாம் தடங்கல் இல்லாம போச்சு.

இப்ப ஓட்டறதப் பத்தி. குமுளில இருந்து லோயர் கேம்ப்புக்கு எறங்கினப்ப பூ மாதிரி வந்துச்சு, ஸ்டியரிங் அவ்ளோ லேசு, பவர் ஹவுஸ் பைப்பு கிட்ட நிறுத்தி எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. ஏறும்போது தான் தெரிஞ்சது. கம்பம்மெட்டு வழியா ஏத்தினேன், தனியா ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டி வச்சிருந்ததால தப்பிச்சேன், முள்ளு ஏற ஏற ஓரங்கட்டி நிறுத்திட்டேன். அலுமினிய ஹெட்டு, ஒரு தடவ கொதிச்சாப் போதும், வளைஞ்சு ஹெட் காஸ்கெட் போயிரும். கம்பம் மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரக் கழட்டிப் பாத்தா பாதிக்கு மேல அடைப்பு. புது கோர் போட்டோம், இங்கிலாந்துல இம்ப் வச்சிருக்கறவங்களுக்குன்னே ஒரு கிளப்பு இருக்கு, அங்க கேட்டு வாட்டர் பம்ப் வரவழைச்சோம், கூரியரும் டூட்டியும் சேந்து பம்ப் வெலைய எட்டிருச்சு. போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, அலுமினியத்த அரிச்சுரும், கூலன்ட் தான். மலை ஏறும்போது பெரிய கியர்ல முக்க விடாம கியரக் குறைச்சு இன்ஜின சுத்த விடுங்க, ஃபேனும் பம்ப்பும் இன்ஜினோட தான் சுத்துது. இப்ப அதே ஏத்தத்துல முள்ளு நடுவுலயே நிக்குது.

டயருக்கு பயப்பட வேண்டாம், 12 இஞ்ச் ரிம்மு, நம்ம ஊரு சின்ன மாருதிக்கு வர்ற சைஸே பாத்து மாட்டிக்கலாம். ஆனா காத்து தான் முக்கியம். முன்னாடி 18, பின்னாடி 30. பாரம் பூராம் பின்னாடி இருக்கற வண்டி, பங்க்ச்சர் கடைத் தம்பி பழக்கத்துல நாலுக்கும் 30 அடிச்சு விட்டான்னா முன்பக்கம் ரோட்டப் பிடிக்காது, வளைவுல பின்னாடி இழுத்துட்டுப் போயிரும். நான் கேஜ் கையோட வச்சிருக்கேன், பக்கத்துல நின்னு அளந்து தான் அடிக்க விடுவேன். பின் சக்கரத்துக்குப் போற ஷாப்ட்டுல ரப்பர் கப்ளிங் ரெண்டு இருக்கு, அதுல வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே வண்டிய நிறுத்திருங்க. என் வண்டியில இடது பக்கம் லேசா வெடிப்பு விட்டிருக்கு, ஆர்டர் போட்டாச்சு, வந்து மாட்டற வரைக்கும் வண்டி ஷெட்டுல தான்.