சைபர் என்று எழுதும்மா

“வலி இல்லை என்கிறார், மேடம். ஆனால் இருமச் சொன்னால் மூச்சை அடக்கிக்கொள்கிறார். எத்தனை என்று எழுத?”

“அவர் சொன்னதை எழுது. சைபர் என்று எழுதும்மா.”

மூன்று ஆண்டுகள் ஆகியும் இந்த இரண்டு வரிகள் என்னை விட்டுப் போகவில்லை. வலி எவ்வளவு என்று நோயாளியைக் கேட்டு, சைபர் முதல் பத்து வரை ஓர் எண்ணைச் சார்ட்டில் எழுத வேண்டும். அன்று காலைதான் வகுப்பில், நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி என்று என் செவிலிய மாணவிகளுக்குச் சொல்லியிருந்தேன். மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-இல் சொன்னது. அதை நான் இன்றும் நம்புகிறேன். பிரசவ வலியைவிடவா என்று கேட்டு, எட்டு என்று சொன்னவருக்கு மூன்று போட்ட கைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். செவிலியர் தன் ஊகத்தை எழுதத் தொடங்கினால், அது பெரும்பாலும் எண்ணைக் குறைப்பதில்தான் முடியும். அதனால்தான் அவ்வளவு கறாராக இருந்தேன்.

பெரியவருக்குக் குடல்புண் ஓட்டையாகி, மேல்வயிற்றைத் திறந்து தைத்த இரண்டாம் நாள். பத்துக்கு எத்தனை என்றால் அவருக்குப் புரியவில்லை. ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்கிறது என்று கேட்டதும் சிரித்தார். “காலணாகூட இல்லை தாயி” என்றார். அப்போது அவர் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. நெஞ்சில் சளி கரகரத்தது, இருமல் வந்தது, தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். நானும்தான் பார்த்தேன்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாராசிட்டமால் போய்க்கொண்டிருந்தது. அதைவிட வலுவான வலிமருந்தான டிரமடால், எண் நான்கைத் தொட்டால் மட்டும். சைபர் என்று எழுதியதால் அது போடப்படவில்லை. வலிக்குப் பயந்து மூச்சை இழுக்காதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும். நான்காம் நாள் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிமோனியா. வலி என்று சொன்னால் இன்னும் நாலு நாள் வைத்துக்கொள்வார்கள், பில் ஏறும் என்று பயந்திருக்கிறார். மகள் பிறகு சொன்னாள்.

நாற்பது வருடம் பீடி குடித்தவர். மேல்வயிற்றில் கீறல். நான் என்ன எழுதச் சொல்லியிருந்தாலும் நிமோனியா வந்திருக்கலாம். மருத்துவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமக் கற்றுத்தர இரண்டு நிமிடம் போதும். அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருத்துவர் மருந்தை மாற்றியிருப்பார். எண்ணை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம்.

வலிக்கிறது என்பவரைச் சந்தேகப்படாதே என்பதற்காக வந்தது மெக்காஃபரியின் அந்தச் சொல். இல்லை என்பவரிடம் அதை நான் ஏன் நீட்டினேன்? வலியை வாயால் சொல்வது அதை வெளிப்படுத்தும் வழிகளில் ஒன்று மட்டுமே என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2020-இல் திருத்திய வரையறையில் எழுதியிருக்கிறது. நான் அதையும் படித்தவள்தான். இருந்தும், பெரியவரின் முகத்தைப் பார்த்து இரண்டாக எழுது, நான்காக எழுது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வேறொருவரின் முகத்தைப் பார்த்து எட்டை மூன்றாக்கியிருப்பாளே என்று இன்னும் தோன்றுகிறது.

பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். கூடுதலாகப் பதினோரு நாள். பில்லை நான் பார்க்கவில்லை.

இப்போது வகுப்பில், படுத்திருக்கையில் ஒரு முறை, இருமச் சொல்லி ஒரு முறை கேளுங்கள் என்கிறேன். சென்ற மாதம் புதிய பெண் ஒருத்தி கேட்டாள்: “இரண்டுக்கும் இல்லை என்றே சொல்கிறார், மேடம். எத்தனை எழுத?” சைபர் என்றே எழுதச் சொன்னேன். கையால் கம்பியைப் பிடித்திருப்பதையும், இருமலை அடக்குவதையும் பக்கத்தில் எழுதிவிட்டு, மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். கட்டம் சிறியது. மீதியைச் சார்ட்டின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.