புட்டுத்தோப்புக்குப் போன வாரம்

ஆவணி 16

மதுரை அரசரடியில திரும்புறப்ப ஸ்கூட்டி வழுக்கி நேரா ஒரு பூக்கார ஆத்தா கூடை மேல போய் விழுந்துட்டேன். கட்டி வச்சிருந்த மல்லிச்சரம் பாதி சேத்துல. சுத்தி நின்னவுக எல்லாம் கத்துறாக, அந்தம்மா மட்டும் "விடுங்கய்யா, புள்ள பயந்து கெடக்கு"ன்னு சொல்லிட்டு என் முட்டியில இருந்த மண்ண முந்தானையால தொடச்சு விடுது. 500 ரூபா நீட்டுனேன். போட்ட மொதல் வந்தா போதும் தாயின்னு சுருக்குப்பையில இருந்து 200 எண்ணித் திருப்பிக் குடுத்துச்சு.

ஆவணி 17

முட்டி வீங்கியிருக்கு, லீவு. படுத்துக்கிட்டே யோசிச்சா ஒண்ணு உறுத்துது. போன மாசம் வேலைக்கு வர்ற அக்கா மிக்ஸி ஜார ஒடச்சதுக்கு சம்பளத்துல 300 ரூபா பிடிச்சவ நான். நியாயம்தானேன்னு அன்னைக்குத் தோணுச்சு.

ஆவணி 19

இன்னைக்குப் பிட்டுத் திருவிழா. திருப்பரங்குன்றத்துல இருந்து முருகன், திருவாதவூர்ல இருந்து மாணிக்கவாசகர் எல்லாம் வந்தாச்சு, மீனாட்சியும் சொக்கரும் (சிவன்தான்) புட்டுத்தோப்புக்கு வந்துட்டதால கோயில் நடையே சாத்தியாச்சு. நொண்டிக்கிட்டே புட்டுத்தோப்பு போயிட்டு வந்தேன், சரியான கூட்டம்.

பிட்டுக்கு மண் சுமந்த இந்தக் கதைய அம்மா எத்தன தடவ சொல்லியிருக்கும். வைகை ஒடச்சுக்கிட்டு வருது, வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு, பிட்டு விக்கிற வந்திக்கு நாதியில்ல. உதிர்ந்த பிட்டுதான் கூலின்னு பேசி சொக்கரே கூலியாளா வர்றாரு. வந்தவரு என்ன செஞ்சாரு, பிட்டத் தின்னாரு, ஆடுனாரு, பாடுனாரு, தூங்குனாரு, வந்தி பங்குக் கரை மட்டும் அடைபடாமயே கெடக்கு, கோவத்துல பாண்டியன் அவர பிரம்பால அடிச்சுட்டான். சாமி நெனச்சா ஒரு நொடியில அடைச்சிருக்கலாமேன்னு சின்னப்புள்ளையில கேப்பேன், அம்மா பதில் சொன்னதில்ல, பிரம்படி வர்ற எடத்துல தன் முதுகத்தான் தடவிக்கும். இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குன மாதிரி இருந்துச்சு, அவரு மண்ணு சுமக்க மட்டும் வரல, அந்தக் கிழவி மேல விழ வேண்டிய அடிய வாங்கவும்தான் வந்திருக்காரு. அந்த அடி பாண்டியன் முதுகுலயும் விழுந்துச்சு, வயித்துல இருக்குற புள்ள வரைக்கும் எல்லா உசுருக்கும் விழுந்துச்சு. அடிச்சவனுக்கே வலிச்சப்பறம்தான் வந்தது யாருன்னு அவனுக்குப் புரியுது.

ஆவணி 20

அக்காகிட்ட 300 ரூபாயத் திருப்பிக் குடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன்க்கான்னு சொன்னேன். ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்துச்சு. "அன்னைக்குப் பாப்பா ஃபீஸுக்கு இதுதாம்மா கொறஞ்சுச்சு, மூணு வீடு ஏறி எறங்கி கைமாத்து வாங்கிக் கட்டுனேன்." கோவமா சொல்லல. பாத்திரம் வெளக்கப் போயிருச்சு. நான் அடுப்படி வாசல்லயே நின்னேன்.